உளவள ஆலோசனையில் உடல்மொழியும் குறிப்பெடுத்தலும்

உளவள ஆலோசனையில் உடல்மொழியும் குறிப்பெடுத்தலும் என்பது, ஆலோசகரும் ஆலோசனை நாடி வருபவரும் நேரில் அமர்ந்து பேசும்போது சொற்களுக்கு வெளியே நிகழும் தொடர்பாடலையும், அப்பேச்சை ஆலோசகர் எழுத்தில் பதிவு செய்யும் முறையையும் குறிக்கும். பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி இயல்களில் கூறுவது வழக்கம். நடைமுறையில் இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. எழுதத் தொடங்கும் ஆலோசகரின் பார்வை தாளை நோக்கித் தாழ்கிறது. தோள் சற்றே திரும்புகிறது. தாம் கூறியவற்றுள் எது எழுதப்பட்டது, எது விடப்பட்டது என்பதை எதிரில் இருப்பவர் கவனிக்கிறார். அவ்வகையில் எழுதுகோலும் ஆலோசகரின் உடல்மொழியைச் சேர்ந்ததே ஆகும்.

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. இம்மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 நவம்பரில் இதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. வேளாண் கூலிகள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், பழங்குடி இருளர்கள் எனப் பலர் வாழும் இப்பகுதியில், ஒருவர் சொல்வதை மற்றொருவர் தாளில் எழுதுவது என்பது பலருக்கு அச்சம் தரும் செயலாக இருந்து வந்துள்ளது. எழுத்தறிவு மிகுந்த நகரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் இதனைப் பெரிதும் கருதுவதில்லை.

பெயர்

உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல் ஆகிய சொற்கள் இலங்கைத் தமிழில் பெருவழக்கு. தமிழ்நாட்டில் உளவியல் ஆலோசனை, மனநல ஆலோசனை என்பன வழங்குகின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இப்பணியைச் செய்பவரின் பதவிப் பெயர் ஆற்றுப்படுத்துநர் என்பதாகும். பரிசில் பெற்ற புலவர் மற்றொரு புலவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்னும் பழைய இலக்கிய வகையின் பெயர் இவ்வாறு அரசு அலுவலகத்தில் மறுவாழ்வு பெற்றுள்ளது.

பேச்சு வழக்கில் கவுன்சலிங் என்றே பலரும் சொல்வர். எனினும் தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றதும் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வோ ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வோதான் முதலில் நினைவுக்கு வரும். சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி எடுத்துவந்து அமரும் ஒருவர், தம் மனத்துயர் பற்றிப் பேச அழைக்கப்பட்டார் என்பதை அறியாமலே வந்திருக்கக் கூடும். ஆகவே முதல் சில நிமிடங்களில் இது எத்தகைய பேச்சு என்பதை விளக்குவது இன்றியமையாதது.

ஆலோசனை நடைபெறும் இடங்கள்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உள்ளது. எச்.ஐ.வி. தொற்றுக்கான ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர் பெற்றுள்ளன. நடுவண் அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் நாட்டின் சில மாவட்டங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் அமைக்கப்பட்டு வருகின்றன.

இவை தவிர, மக்கள் நெடுநாளாக அறிந்த ஓர் இடம் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆகும். தமிழ்நாட்டில் இவ்வகை நிலையங்கள் 1992 முதல் ஏற்பட்டன. கணவன் மனைவி பூசல்கள் இங்கே பேசித் தீர்க்கப்பட்டு, இரு தரப்பும் எழுதிக் கொடுத்துக் கையொப்பமிடுவது வழக்கம். இதனையும் மக்கள் கவுன்சலிங் என்றே அழைக்கின்றனர். சீருடை, மேசை, பேரேடு, கையொப்பம் ஆகியவற்றோடு கூடிய இந்த நடைமுறைக்கும் உளவள ஆலோசனைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும் முன்னதை அறிந்தவர் பின்னதற்கு வரும்போது அதே எதிர்பார்ப்புடன் வருகிறார். ஆலோசகர் குறிப்பேட்டைத் திறந்த உடனே, “நான் எங்க கையெழுத்து போடணும்?” என்று கேட்பவருக்கு அது இயல்பான கேள்வியே.

உடல்மொழி பற்றிய தமிழ் மரபும் மேலை ஆய்வும்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாடு எனக் குறிக்கிறது. அச்சம், வெகுளி, அழுகை, இளிவரல் முதலிய எட்டு மெய்ப்பாடுகளையும், அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் மெய்ப்பாட்டியல் வகுத்துரைக்கிறது. உணர்வோடு அதன் காரணத்தையும் இணைத்துக் காணும் இந்த வகைப்பாடு ஆலோசனைக்கு மிகவும் பொருந்துவது. அழுகை என்று எழுதுவதோடு நிற்காமல், அது இழிவிலிருந்தோ இழப்பிலிருந்தோ வறுமையிலிருந்தோ பிறந்ததா என்று கேட்கத் தூண்டுகிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71 ஆவது அதிகாரம் பொருட்பாலிலும் 110 ஆவது அதிகாரம் காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. முகக்குறிப்பை அறிதல் அரசவைக்கும் காதலுக்கும் வெவ்வேறு வகையில் தேவைப்படுவதை இது காட்டுகிறது.

மேலை நாடுகளில் ரே பேர்ட்விசில் 1952 இல் உடலசைவுகளின் ஆய்வுக்குத் தனிப் பெயரிட்டார். எட்வர்டு ஹால் 1966 இல் மாந்தர் தமக்கிடையே பேணும் இடைவெளி பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுபடுவதை விளக்கினார். ஆலோசகர் பயிற்சிக்கு மிகுதியாக எடுத்தாளப்படுவது ஜெரார்டு ஈகன் 1975 இல் வெளியிட்ட நூலில் கூறிய சோலர் முறை ஆகும். நேர்முகமாக அமர்தல், கைகால்களைக் குறுக்கே மடிக்காமல் திறந்த நிலையில் இருத்தல், சற்று முன் சாய்தல், கண்ணோடு கண் நோக்குதல், தளர்வாக இருத்தல் ஆகிய ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர் இது. 2011 இல் தியோடர் ஸ்டிக்லி, செவிலியர் கல்விக்கென இதனைத் திருத்தி, நேர் எதிரே அமர்வதற்குப் பதில் கோணமாக அமரும்படி கூறினார்.

இப்பகுதியில் சோலர் முறையை அப்படியே பின்பற்றுவதில் இடர்கள் உண்டு. வயல் வேலை செய்யும் முதியவர் ஒருவர் அலுவலகத்துக்குள் வரும்போது செருப்பை வாசலில் விடுவார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். உட்காரச் சொல்லும் வரை நிற்பார். சொன்ன பின்னும் நாற்காலியின் விளிம்பில் மட்டும் அமர்வார். இவற்றை மனப்பதற்றத்தின் அடையாளம் என்று ஆலோசகர் குறித்துக்கொண்டால் அது பிழையாகும். இவை மரியாதையின் வெளிப்பாடுகள். சில வேளை, சாதியும் வர்க்கமும் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த ஒடுக்கத்தின் எச்சங்கள். வாயைக் கையால் மூடிப் பேசுதலும் இத்தகையதே.

கண்ணோடு கண் நோக்குதலும் அவ்வாறே. இளம்பெண் ஒருவர் அயல் ஆணான ஆலோசகரின் கண்ணை நேரே பாராமல் பேசுவது இங்கு நாகரிகம் எனப்படும். மறுபுறம், ஆலோசகர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது விசாரணை போலத் தோன்றும். முகத்தைப் பார்ப்பதும் இடையிடையே பார்வையை விலக்குவதும் இங்கு இதமானதாக உணரப்படுகின்றன. கோணமாக இடப்பட்ட இரு நாற்காலிகள் இதற்கு உதவும். பார்வையை விலக்க விரும்புபவர் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

கால் மேல் கால் போட்டு அமர்தலை மேலை நூல்கள் பெரிதாகக் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் மூத்தவர் முன் அவ்வாறு அமர்வது செருக்காகக் கொள்ளப்படும். இளவயது ஆலோசகர் தம் தாயின் வயதினரான ஒருவர் முன் அவ்வாறு அமர்ந்துவிட்டு, எத்தனை திறந்த கேள்விகள் கேட்டாலும் பயன் குறைவு.

தலையைப் பக்கவாட்டில் ஆட்டுதல் தமிழரிடையே ஏற்பு, புரிதல், மேலே சொல்லுங்கள் எனப் பல பொருள் தரும். ம் கொட்டுதல் என்பது கதை கேட்பவரின் கடமையாகவே தமிழில் கருதப்பட்டு வருகிறது. பயிற்சிக் கையேடுகள் சிறு ஊக்கச் சொற்கள் என்று குறிப்பது இதனையே. உச்சுக் கொட்டுதல் இங்கு இரக்கத்தைக் குறிக்கும். ஆங்கிலம் பேசுவோரிடையே ஏறத்தாழ அதே ஒலி கண்டிப்பைக் குறிப்பதும் உண்டு. அயல்நாட்டு ஒளிப்பேழைகளைப் பார்த்துக் கற்ற மாணவர்கள் இவ்வொலியைத் தவிர்க்கக் கற்கின்றனர். விழுப்புரத்தில் அதற்குத் தேவை இல்லை.

உடலைக் குறித்த சொற்களும் கவனத்திற்குரியவை. நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று கூறுவோர் பலர் மனத்துயரையே கூறுகின்றனர். கை நெஞ்சுக்குச் செல்வதும் வயிற்றைப் பற்றுவதும் அந்தச் சொற்களோடு இணைந்து வரும். அவற்றை உடல்நோய் என ஒதுக்குவதும் தவறு. மருத்துவப் பரிசோதனை இல்லாமலே மனநோய் எனத் தீர்மானிப்பதும் தவறு.

பரவலான இரண்டு பிழைக் கருத்துகள்

தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்னும் கணக்கு தன்னம்பிக்கைப் பயிலரங்குகளில் ஓயாமல் கூறப்படுகிறது. இது ஆல்பர்ட் மெகராபியனும் உடன் ஆய்வாளர்களும் 1967 இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது. அந்த ஆய்வுகளில் தனிச் சொற்கள் வெவ்வேறு குரலில் ஒலிக்கப்பட்டன. முகங்களின் ஒளிப்படங்கள் காட்டப்பட்டன. பேசுபவரின் விருப்பு வெறுப்பு எதனால் ஊகிக்கப்படுகிறது என்பது மட்டுமே சோதிக்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் இக்கணக்கைப் பொருத்த முடியாது என்று மெகராபியனே தெளிவுபடுத்தியுள்ளார். மகனை இழந்த ஒருவர் அந்நாளின் நிகழ்வுகளைக் கூறும்போது அவர் சொற்கள் 7 விழுக்காடு அல்ல என்பதற்கு ஆய்வும் தேவையில்லை.

பொய் பேசுபவரை உடலசைவால் கண்டறியலாம் என்பது இரண்டாவது பிழைக் கருத்து. சார்லசு பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மாந்தர் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் சராசரியாக 54 விழுக்காடே சரியாக இருந்தனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது சற்றே மேல். மூக்கைத் தொட்டார், பார்வையைத் தவிர்த்தார் என்பதால் பொய் என்று எழுதிவைக்கும் குறிப்பு, பிற்காலத்தில் அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவரின் மனத்தையும் திரித்துவிடும்.

குறிப்பெடுத்தலின் வரலாறு

பேச்சின் நடுவே எழுதலாமா என்னும் கேள்வி பழையது. சிக்மண்ட் பிராய்டு 1912 இல் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரைகளில், அமர்வின்போது விரிவான குறிப்பெடுத்தலை ஏற்கவில்லை. எழுதுபவர் தாம் எதிர்பார்ப்பதையே தேர்ந்தெடுத்து எழுதுவார். எல்லாவற்றுக்கும் சமமாகச் செவிகொடுக்கும் நிலை கெடும் என்பது அவர் கருத்து. தாம் மாலையில் நினைவிலிருந்து எழுதுவதாக அவர் கூறினார்.

நினைவு நம்பத்தக்கதா என்பதைச் சோதிக்க ஒலிப்பதிவு வழிசெய்தது. கார்ல் ரோஜர்சு ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை அமர்வுகளை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். 1942 இல் அவர் வெளியிட்ட நூலில் புனைபெயர் கொண்ட ஒருவருடனான முழுத் தொடர் அமர்வுகளும் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டன. அவருடன் பணியாற்றிய பெர்னார்டு காவ்னர், ஆலோசகர்கள் எழுதிய அறிக்கைகளை ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டு, பேச்சின் பெரும்பகுதி அறிக்கைகளில் விடுபட்டிருப்பதைக் கண்டார். எழுதப்பட்டவை பொய்யல்ல, எழுதப்படாதவை மிகுதி.

1968 இல் லாரன்சு வீடு மருத்துவப் பதிவேடுகளுக்கெனச் சிக்கல் சார்ந்த பதிவு முறையை விளக்கினார். நோயாளி கூறியது, மருத்துவர் கண்டது, மதிப்பீடு, திட்டம் என நான்காகப் பிரித்து எழுதும் வழக்கம் அதிலிருந்து பரவியது. முதல் இரண்டையும் பிரித்து வைப்பதே இதன் பெரும் பயன்.

எழுதும் கையும் அது தரும் அச்சமும்

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் வாழும் இருளர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் மிகவும் நலிந்த நிலையில் உள்ளோர் என அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள். ஐயத்தின் பேரில் இருளர்கள் திருட்டு வழக்குகளில் சேர்க்கப்படுவதை எதிர்த்துத் திண்டிவனத்தை மையமாகக் கொண்ட பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நீண்ட காலமாகப் போராடி வருகிறது. பேராசிரியர் பிரபா கல்விமணி இப்பணியில் முன்னின்றவர். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளாக இருந்தோர் வட தமிழ்நாடெங்கும் மீட்கப்பட்டுள்ளனர். கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் இது தொடர்ந்தது. அவர்களுள் பலர் தாம் எவ்வளவு கடன்பட்டோம் என்பதை அறியார். கணக்கு முதலாளியின் ஏட்டில் இருந்தது. வெற்றுத்தாளில் வைக்கப்பட்ட கைநாட்டு அவர்களின் உழைப்பைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது.

இத்தகைய பட்டறிவு உள்ளவர் முன் ஆலோசகர் பேனாவைத் திறக்கும்போது பேச்சு நிற்கும். விடைகள் ஆமாம், இல்லை எனச் சுருங்கும். உடன் வந்தவரைப் பார்த்து அவர் விடை தேடுவார். பயிற்சி குறைந்த ஆலோசகர் இதனை ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவார். அந்தச் சொல் கோப்பில் ஏறியபின், மறுவாழ்வு உதவிக்கோ இழப்பீட்டுக்கோ அக்கோப்பைப் படிக்கும் அதிகாரி அந்த மனிதரைக் காணும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

இதனைக் குறைக்கக் கையாளப்படும் வழிகள் எளியவை. முதற் சந்திப்பின் முதற் பகுதியில் எதனையும் எழுதாதிருத்தல் ஒன்று. எழுதும் முன் இசைவு கேட்டல் மற்றொன்று. கேட்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. “குறிப்பு எடுத்துக்கலாமா?” என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லும் துணிவு பலருக்கு இராது. “அடுத்த தடவை நீங்க வரும்போது இதையெல்லாம் திரும்பச் சொல்ல வேணாம்னு ரெண்டு வரி எழுதி வச்சுக்கறேன். எழுதறத உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். வேணாம்னா அடிச்சுடலாம்” என்று சொல்வது, எதற்காக எழுதப்படுகிறது, யார் பார்ப்பார், எப்படி நீக்கலாம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தெரிவிக்கிறது. சொன்னபடியே ஒருமுறை படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற வரியை அவர் கண்முன் அடித்துவிட்டால் அதற்குப்பின் விளக்கம் தேவைப்படாது.

எழுதும் பலகையை மார்போடு நிமிர்த்திப் பிடித்தல் தவிர்க்கப்பட வேண்டும். தாள் மடியிலோ மேசையிலோ எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி இருத்தல் நன்று. படிக்கத் தெரியாதவருக்கும் மறைக்கப்படவில்லை என்பது புரியும். அழுகை தொடங்கும்போது எழுதுவது நிற்க வேண்டும் என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இதன் மறுபக்கம் நுட்பமானது. அதுவரை எழுதாதிருந்த ஆலோசகர், அடித்தார் என்ற சொல் வந்தவுடன் பேனாவை எடுத்தால், அச்சொல் மட்டுமே வேண்டப்பட்டது என்று பேசுபவர் அறிந்துகொள்வார். அதற்குப்பின் அவர் அடியைப் பற்றியே பேசுவார் அல்லது அதனைப் பற்றிப் பேசவே மாட்டார். எனவே முதன்மையான சொல்லுக்குச் சிறிது நேரம் கழித்து, வேறோர் இயல்பான இடைவெளியில் எழுதுவது பொருத்தம்.

அமர்வின்போது பெயர்கள், நாட்கள், மருந்துகள், ஒன்றிரண்டு சொந்தச் சொற்கள் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, அவர் சென்ற பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முழுக் குறிப்பை எழுதுவதே நடைமுறையில் இசைவானது. வெளியே வரிசை நீளும் அரசு மருத்துவமனையில் அந்தப் பதினைந்து நிமிடம் கிடைப்பது அரிது. கிடைக்காதபோது மாலையில் பலரின் கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொருவருக்கும் மூன்று சொற்களையேனும் உடனே எழுதி வைப்பது அந்தக் கலப்பைத் தடுக்கும்.

கண்டதும் கருதியதும்

உடல்மொழியைக் குறிப்பில் எழுதும்போது, கண்டதை ஒரு வரியிலும் அதன் பொருளாகக் கருதியதை வேறொரு வரியிலும் எழுதுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, “கணவர் மீது அச்சம் உள்ளது” என்பது கருத்து. “கணவரின் ஊர் திரும்பும் நாளைக் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்; முந்தானை நுனியை விரலில் சுற்றினார்; பின்னர் ‘அத விடுங்க’ என்றார்” என்பது காட்சி. பின்னதை வைத்துக்கொண்டு அச்சமா, நாணமா, சினமா, பெங்களூரில் வேலை செய்யும் கணவர் பணம் அனுப்பாத கவலையா என்று அடுத்த சந்திப்பில் கேட்க முடியும். முன்னதை எழுதினால் கேள்வியே எழாது.

பேசுபவரின் சொல்லை அவர் வழக்கிலேயே எழுதுவதும் இதனோடு சேர்ந்தது. “மனசு விட்டுப்போச்சு” என்றவரின் குறிப்பில் மனச்சோர்வு என்று எழுதினால் ஒரு நோய்ப்பெயர் கிடைக்கும். அவர் சொன்னது மறைந்துபோகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய சொற்களில் இது மிகவும் முதன்மையானது. அத்தகைய சொல் வந்தால் எழுதுவதை நிறுத்தி, நேரடியாகக் கேட்டறிந்து, துணையாக இருக்கக் கூடியவர் யார் என்பதை உறுதி செய்து, பின்னர் கேட்டதையும் விடையையும் செய்ததையும் நாள் நேரத்துடன் எழுத வேண்டும். இங்குக் குறிப்பு இல்லாமை பெருங்கேடு; அடுத்த நாள் பணிக்கு வரும் ஆலோசகருக்கு அது ஒன்றே வழிகாட்டி.

தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரிடம் ஆலோசகர் பேசும்போது வேறொரு குழப்பம் நேரும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டுக்காக ஒருவர் ஏற்கெனவே கேட்டு எழுதியிருப்பார். காவலர் ஒருவரும் எழுதியிருப்பார். மூன்றாவதாக எழுத வருபவரும் அவர்களுள் ஒருவராகவே தோன்றுவார். 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆவது பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது. தம் குறிப்பேடு வழக்குக்கானது அன்று என்பதை ஆலோசகர் முதலிலேயே சொல்லிவிடுதல் நலம்.

நம்பிக்கை மையங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் கண்டறியப்பட்டது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை என்பது இத்துறையில் கட்டாய நடைமுறையாயிற்று. சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடும் திண்டிவனம் போன்ற ஊர்களில், சரக்குந்து ஓட்டுநர்களும் உள்ளூர்க் கருவுற்ற பெண்களும் ஒரே மையத்துக்கு வருவர். கருவுற்ற பெண்ணுடன் மாமியாரும் வந்து அருகில் அமர்வது வழக்கம். மாமியாரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்வதே ஒரு செய்தியாகிவிடும் என்பதால், வரும் எல்லாரிடமும் ஒன்றுபோலத் தனியாகப் பேசும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது.

முடிவைச் சொல்லும் நேரத்தில் ஆலோசகரின் உடலே முதலில் பேசிவிடுகிறது. கதவைச் சாத்துதல், உறையைத் திறக்கத் தயங்குதல், வழக்கத்துக்கு மாறாக நாற்காலியை அருகே இழுத்தல் ஆகியவற்றை வருபவர் படித்துவிடுவார். தொற்று இல்லாதவரிடமும் அதே வகையில் கதவு சாத்தப்பட வேண்டும்.

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் தற்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகள் பலர் விழுப்புரம் நகர விடுதிகளில் தங்குவர். விழாக் காலத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடைபெறும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் அவர் வாழும் பெயரும் வேறாக இருக்கலாம். பாலின அடையாளத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் ஏற்றது. பதிவேட்டுக்குத் தேவையான பெயரைத் தாழ்ந்த குரலில் கேட்டு எழுதிக்கொண்டு, அழைக்கும்போது அவர் கூறும் பெயரால் அழைத்தல் தகும். பழைய பெயரை வரிசையில் உரக்கப் படித்தபின் எந்த உடல்மொழியும் அதனைச் சரிசெய்யாது.

சட்ட நிலை

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்சு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவரின் தொற்று நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை இது தடை செய்கிறது. பதிவுகளை வைத்திருப்போர் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. இணையருக்குத் தெரிவிப்பதற்கு மட்டும் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் நிபந்தனைகளோடு வழி உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு மறைகாப்பு உரிமையையும், 25 ஆவது பிரிவு தம் மருத்துவப் பதிவைத் தாமே பார்க்கும் உரிமையையும் தருகின்றன. இப்பதிவை ஒரு நாள் இவரே படிக்கக் கூடும் என்ற நினைவுடன் எழுதுவது இதனால் தேவையாகிறது.

சிறார் விடயத்தில் மறைகாப்புக்கு எல்லை உண்டு. 2012 ஆம் ஆண்டு பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19 ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் தெரிவித்தாக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தைக்கு வாக்களித்துவிட்டுப் பின்னர் சொல்வதைவிட, யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்பே கூறுவது நேர்மை. அதே சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கலாகாது என்கிறது. உடையும் ஒரு மொழி என்பதைச் சட்டமே ஏற்றுள்ள இடம் இது. குழந்தையின் சொற்களை மாற்றாமலும், ஆலோசகர் கேட்ட கேள்வியையும் சேர்த்தும் எழுத வேண்டும். விடை குழந்தையுடையதா, கேள்வியால் ஊட்டப்பட்டதா என்பது பின்னர் நீதிமன்றத்தில் ஆராயப்படும்.

ஆலோசகரின் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் தர மறுக்கும் தனிச்சலுகை, வழக்கறிஞருக்கு உள்ளதுபோல, இந்தியச் சாட்சியச் சட்டத்தில் ஆலோசகருக்குத் தரப்படவில்லை. அதற்குப் பதிலாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் நிலை அதுவே. ஐக்கிய அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1996 இல் ஒரு வழக்கில் உளச்சிகிச்சையாளருக்கு இச்சலுகையை நடுவண் நீதிமன்றங்களில் ஏற்றது. ஆகவே இங்குப் பணிபுரிவோர் தேவைக்கு மேல் எழுதாதிருப்பதே பாதுகாப்பு. மூன்றாம் நபரைப் பற்றிய வதந்தி, பணிக்குத் தொடர்பில்லாத உறவுச் செய்தி, சாதிப் பூசல் பற்றிய பெயர்கள் ஆகியவை சிற்றூரில் கோப்பைவிட்டு வெளியேறினால் தீங்கு விளைவிக்கும்.

தொலைபேசியும் கணினியும்

தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண் 2013 இல் தொடங்கப்பட்டது. நடுவண் அரசின் டெலி மானசு சேவை 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. சென்னையில் 1986 இல் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் தொலைபேசி வழி உதவுகிறது. இங்கு உடல் தெரிவதில்லை. மூச்சும் இடைவெளியும் பின்னணி ஒலிகளும் அதன் இடத்தைப் பெறுகின்றன. பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனக் குரலைத் தாழ்த்தினால் அறைக்குள் யாரோ வந்திருக்கலாம். இவ்வகைப் பேச்சில் ஆலோசகர் தடையின்றி எழுத முடியும் என்பது வசதி. எனினும் விசைப்பலகையின் ஒலி மறுமுனையில் கேட்கும். அதனை உணர்ந்தவர்கள் தாளையே பயன்படுத்துகின்றனர்.

மருத்துவமனைகளில் கணினிப் பதிவு பரவியதால், மேசைக்கு நடுவே திரை ஒன்று வந்துவிட்டது. திரையைப் பக்கவாட்டில் வைத்து இருவரும் காணும்படி திருப்பினால் ஓரளவு குறை நீங்கும். அடுத்து வருபவர் அமரும் முன் முந்தையவரின் பக்கத்தை மூடுவது மறக்கப்படும் சிறு செயல். அரை மணி நேரம் தாளை மடியில் வைத்துக் காத்த மறைவு, மூடப்படாத ஒரு பக்கத்தால் அடுத்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.